ஊரடங்கில் வீடு காட்டுவது எப்படி? கொரோனா காலத்தில் புரோக்கர்கள் படித்த பாடம்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் தெருமுனை டீக்கடையில் விசாரித்தால் போதும். அங்கேயே ஒரு புரோக்கர் இருப்பார். கையில் ஒரு நோட்டு, செல்போன், வெளியே ஒரு பைக். வீடு முடிந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். முடியாவிட்டால் பெட்ரோல் காசும் போச்சு.

இந்த தொழிலை ஒரே அடியில் படுக்க வைத்தது கொரோனா. 2020-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஜூன் 19 முதல் 30-ந்தேதி வரை சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ். ஐ.டி. கம்பெனிகள் வீட்டில் இருந்தே வேலை பார்க்க சொன்னதால், பழைய மகாபலிபுரம் சாலை பக்கம் ரூம் எடுத்து தங்கியிருந்த பசங்க பெட்டியை கட்டினார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் காற்று வாங்கின. 2021 மே மாதம் மறுபடியும் முழு ஊரடங்கு.

வீட்டை காட்டினால்தான் காசு. காட்டவே முடியாது என்றால் என்ன செய்வது?

குழாயை திறந்து காட்டுங்க

வாட்ஸ்-அப் வீடியோ கால்தான் கை கொடுத்தது. புரோக்கர் போக முடியாத இடத்தில் வீட்டு ஓனரே செல்போனை பிடித்துக்கொண்டு சுற்றி காட்டினார். ஆனால் இதில் ஒரு சிக்கல். பளிச்சென்று இருக்கும் ஹாலை மட்டும் காட்டி முடித்த வீடு, ஆள் குடிவந்த அன்றே சண்டையில் முடியும். அப்புறம் அந்த தெருவில் புரோக்கர் தலை காட்ட முடியாது.

எனவே குறையை முதலில் காட்ட வேண்டும். குழாயை திறந்து தண்ணீர் விழுவதை காட்டுங்க. நல்ல தண்ணீர் லாரியா, மெட்ரோ பைப்பா என்று சொல்லுங்க. பாத்ரூம், மாடிப்படி அகலம், சுவரில் ஓதம், கரண்ட் மீட்டர் தனியா பொதுவா, மழைக்கு வாசலில் தண்ணீர் நிற்குமா... எல்லாம் வீடியோவில் வரட்டும். ஜன்னலை திறந்தால் லாரி சத்தம் கேட்டால் அதுவும் கேட்கட்டும். நேரில் பார்க்க முடியாதவருக்கு புரோக்கர் பேச்சை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.

வாடகை பஞ்சாயத்து

வேலை போனவர் வாடகை தர முடியாமல் தவித்தார். வாடகையை நம்பி இருந்த ஓனரும் தவித்தார். தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்டு நெருக்கக்கூடாது என்று 2020 மார்ச் 29-ந்தேதி மத்திய உள்துறை உத்தரவிட்டது. அதற்கு பிறகு? இரண்டு பேரையும் தெரிந்தவர் புரோக்கர்தான். 3 மாதம் வாடகையை குறைத்து வாங்குங்க, வீடு காலியாக கிடப்பதற்கு இது மேல் என்று பேசி முடித்து, அதை எழுதியும் வைத்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. இதில் முழு கமிஷன் கிடைக்காதுதான். ஆனால் ஓனரின் அடுத்த போன் அவருக்குத்தான் வரும்.

எழுத்து வேலையிலும் வருமானம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22-ந்தேதி அமலுக்கு வந்த தமிழக வாடகை சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். குடியிருப்புக்கு பொதுவாக 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது அந்த சட்டம். (10 மாத அட்வான்ஸ் பழக்கம் சென்னையை விட்டு போனபாடில்லை, அது வேறு கதை.) இதற்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டர் தெரியாத ஓனருக்கு இதை செய்து கொடுத்து நியாயமான கூலி வாங்கலாம்.

மனை விற்பவர்களுக்கும் பாதி வேலை செல்போனிலேயே முடியும். வில்லங்கத்தை பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாக பார்க்கலாம், பட்டாவையும் பார்க்கலாம். பத்திரம் பதிய பொதுவாக டோக்கன் போட்டு நேரில் போக வேண்டும். ரெரா பதிவு பெற்ற திட்டத்தில் வீடு, மனை விற்றுக்கொடுக்க புரோக்கருக்கும் ரெரா பதிவு தேவை. இல்லாவிட்டால் நாள் ஒன்றுக்கு ரூ.10 ஆயிரம் அபராதம்.

உஷார்!

'நான் ராணுவத்தில் இருக்கேன், வீட்டை நேரில் பார்க்க வர முடியாது, அட்வான்ஸ் இப்பவே அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க' என்று போன் செய்து ஓனர்களின் கணக்கை காலி செய்யும் கும்பல் உண்டு. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பரும் போட வேண்டாம். இதை ஓனருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் புரோக்கர் வேலைதான்.

குடிவருபவர்களும் கவனிக்க வேண்டும். டோக்கன் அட்வான்சை புரோக்கர் நம்பருக்கு அனுப்பாதீங்க. வீட்டு வரி ரசீதில் இருக்கும் பெயரை கேட்டு வாங்கி, அதே பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்க. கமிஷனை சாவி கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.