நொய்ஹார்டென்பேர்க் மாளிகை: சீர்திருத்தமும் நிலவுடைமையும்

ஜேர்மன் மொழியில் ‘ஷ்லொஸ்’ என்னும் சொல் அரண்சூழ்ந்த கோட்டையை மட்டும் குறிப்பதன்று. எல்ப் நதிக்குக் கிழக்கேயுள்ள பிரதேசங்களில் அது பெரும்பாலும் பண்ணைப் பிரபுவின் இல்லமாகும். நிலத்தின் நிருவாகமும் குடியானவர் மீதான நீதி விசாரணையும் அங்கிருந்தே நடைபெற்றன. எனவே இத்தகைய மாளிகையை அழகியல் நோக்கில் மாத்திரம் விளக்குவது போதாது. அதனைத் தாங்கி நின்ற நிலவுறவுகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். பேர்லினுக்குக் கிழக்கே, ஓடர் நதிச் சமவெளியின் ஓரத்தில் அமைந்துள்ள நொய்ஹார்டென்பேர்க் இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வூரின் பழைய பெயர் குவிலிட்ஸ். 1759இல் குனெர்ஸ்டோர்ஃப் போர்க்களத்திலே இரண்டாம் பிரெடெரிக் மன்னரைக் காப்பாற்றிய பிரிட்விட்ஸ் என்னும் படை அதிகாரி, 1763இல் இப்பண்ணையைப் பரிசாகப் பெற்றார். 1785க்கும் 1790க்கும் இடையில் மூன்று பக்கங்களைக் கொண்ட ஒருதள மாளிகை இங்கு எழுந்தது. 1801இல் ஏற்பட்ட தீயில் கிராமம் அழிந்தது. அதனை மீள அமைக்கும் பணி, அப்பொழுது இருபது வயதே நிரம்பிய கார்ல் பிரீட்ரிஹ் ஷிங்கெலிடம் ஒப்படைக்கப்பட்டது. அகன்ற நெடுந்தெருவும் அதன் இருமருங்கிலும் ஒரே சீரான வீடுகளும் அமைந்தன. மேலிருந்து வகுக்கப்படும் ஒழுங்கு என்னும் கருத்து, அரசியலில் முழுவடிவம் பெறுமுன்னரே இத்தெருவமைப்பில் வெளிப்பட்டுவிட்டது எனலாம்.

1814இல் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் இப்பண்ணையைத் தம் முதலமைச்சர் கார்ல் ஓகுஸ்ட் பொன் ஹார்டென்பேர்க்குக்கு வழங்கினார். அடுத்த ஆண்டு ஊரும் அவர் பெயரை ஏற்றது. நெப்போலியனிடம் தோல்வியுற்ற பிரஷ்யாவைச் சீர்திருத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். குடியானவரின் பிறப்புவழி அடிமைநிலையை ஒழிக்கும் ஆணை 1807இலேயே பிறந்திருந்தது. ஆயினும் நிலம் யாருக்குரியது என்ற வினாவுக்கு விடையளித்தது ஹார்டென்பேர்க்கின் 1811ஆம் ஆண்டுச் சட்டமே. பரம்பரை உரிமையுடைய குடியானவர் தம் நிலத்தில் மூன்றிலொரு பங்கையும், அவ்வுரிமையற்றோர் பாதியையும் பிரபுவுக்கு விட்டுக்கொடுத்தே சொந்தக்காரராக முடிந்தது. 1816ஆம் ஆண்டுப் பிரகடனம் சிறு குடியானவர் பலரை அவ்வாய்ப்பிலிருந்தும் விலக்கியது. விடுதலையின் விலையை விடுதலை பெற்றவர்களே செலுத்தினர். பிரபுக்களின் பண்ணைகள் விரிந்தன. நிலமிழந்தோர் அப்பண்ணைகளில் கூலியாட்களாயினர். வேளாண்மை முதலாளித்துவத்தின் இவ்வளர்ச்சியையே லெனின் பிரஷ்யப் பாதை என வகைப்படுத்தினார்.

இப்பின்னணியில்தான் 1820க்கும் 1823க்கும் இடையில் ஷிங்கெல் மாளிகையைத் திருத்தியமைத்தார். பழைய மூன்றுபக்க அமைப்பு அவ்வாறே இருக்க, அதன்மீது மேலும் ஒரு தளம் எழுப்பப்பட்டது. ஆடம்பர அலங்காரங்கள் விலக்கப்பட்டு, அளவும் சமச்சீரும் முதன்மை பெற்றன. பின்புறப் பூங்காவை லெனேயும் ஹார்டென்பேர்க்கின் மருமகனான பியூக்லர் பிரபுவும் ஆங்கிலப் பாணியில் மாற்றினர். செம்பாங்கான இப்புறத்தோற்றத்தில் பூர்ஷ்வா யுகத்தின் பகுத்தறிவு தெரிகிறது. ஆனால் அடித்தளம் பழைய பண்ணையினுடையதே. அடித்தளத்தைப் பெயர்க்காது மேலே ஒரு தளத்தைக் கட்டுதல் அக்கட்டடத்துக்கும் அச்சீர்திருத்தத்துக்கும் பொதுவான முறையாகும். 1822இல் காலமான ஹார்டென்பேர்க்கின் இதயம் ஊர்த் தேவாலயப் பலிபீடத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் முரண்பாடுகள் மேலும் கூர்மையடைந்தன. ஹிட்லருக்கு எதிரான 1944 யூலைச் சதியில் பங்குகொண்ட கார்ல் ஹான்ஸ் ஹார்டென்பேர்க் சாக்ஸன்ஹவுஸன் முகாமில் அடைக்கப்பட்டார்; நாஜி அரசு அவர் சொத்தைப் பறித்தது. 1945இல் நூறு ஹெக்டேயருக்கு மேற்பட்ட பண்ணைகளை நட்டஈடின்றிப் பறிமுதல் செய்த நிலச்சீர்திருத்தம் வந்தது. 1949இல் ஊர் மார்க்ஸ்வால்டே எனப் பெயர் மாற்றப்பட்டது, மாளிகை பாடசாலையாயிற்று. 1991இல் பழைய பெயர் மீண்டது. 1945க்குப் பிந்திய பறிமுதல்கள் பொதுவாக நிலைநிறுத்தப்பட்டன. எனினும் நாஜிகள் முன்னரே பறித்திருந்தமையால், இக்குடும்பத்துக்கு 1996இல் சொத்து மீளக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜேர்மன் சேமிப்பு வங்கிகளின் சங்கம் மாளிகையை வாங்கிப் புதுப்பித்தது. 2002இல் அது பண்பாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது.

அரச பரிசு, சீர்திருத்தப் பிரபுவின் இல்லம், பாடசாலை, வங்கிகளின் உடைமை என்ற இவ்வரிசையில் ஷிங்கெலின் சுவர்கள் பெரிதும் மாறவில்லை, சொத்துறவே மாறிற்று. அச்சுவர்களின் அழகை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் 1811இல் தம் நிலத்தின் பாதியை இழந்தவர்களுக்கு அங்கு எவரும் நினைவுச்சின்னம் எழுப்பவில்லை என்பதையும் சேர்த்துக் கூறும்பொழுதே கட்டடக்கலை வரலாறு முழுமை பெறும்.