மீன் கவிச்சிக்கு சோப்பு மருந்தல்ல

பிறப்புறுப்பில் வாடை வருவதாகத் தோன்றினால் பெண்கள் பலரும் முதலில் தேடுவது சோப்பைத்தான். கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளே வரை கழுவுபவர்களும் உண்டு. பலருக்குத் தொந்தரவு கூடுவதே இதனால்தான்.

பெண்ணுறுப்பின் உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே வாழும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பிஹெச் அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. ஆகவே லேசான புளிப்பு வாடையும், மாதவிலக்கு நாட்களில் இரத்த வாடையும் இயல்பானவை. வாடையே இருக்கக் கூடாது என்ற எண்ணத்தை விதைத்தவை விளம்பரங்கள். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

மீன் கவிச்சி அடித்தால் விஷயம் வேறு. பெரும்பாலும் அது பாக்டீரியல் வெஜைனோசிஸ். நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, கார்ட்னரெல்லா போன்றவை பெருகிவிடுகின்றன. வெள்ளைப்படுதல் நீர்த்து, சாம்பல் நிறம் கலந்து வரும். கவிச்சிக்குக் காரணமான அமீன்கள் காரம் பட்டால் ஆவியாகும். விந்துவும் இரத்தமும் காரத்தன்மை உள்ளவை. அதனால்தான் உடலுறவுக்குப் பிறகும் மாதவிலக்கின்போதும் வாடை தூக்கலாகத் தெரிகிறது. மருத்துவரின் சோதனையும் இதே தத்துவம்தான்: கண்ணாடித் தகட்டில் எடுத்த கசிவின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை ஒரு சொட்டு விட்டதும் கவிச்சி குப்பென்று எழும்.

மெட்ரானிடசோல் மாத்திரையில் குணமாகும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் நோய் இது. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஆண் துணைக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது 12 வாரங்களுக்குள் நோய் திரும்பியது 35 சதவீதப் பெண்களுக்கு. பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63 சதவீதம். கணவரும் மருத்துவரிடம் வர வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வெள்ளைப்படுதல் மஞ்சள், பச்சை நிறத்தில் நுரைத்து, நாற்றத்தோடு வந்தால் டிரைக்கோமோனாஸ் தொற்றாக இருக்கலாம். உடலுறவால் பரவும் இதற்குத் துணைக்கும் சிகிச்சை கட்டாயம். தயிர்த் திப்பிபோல் வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்று. அதில் வாடை பெரும்பாலும் இருக்காது. மாதவிலக்கின்போது உள்ளே வைத்து, எடுக்க மறந்துபோன டாம்பன் அழுகிய நாற்றம் தரும்.

இவற்றையெல்லாம் ‘உடல் சூடு’ என்று இளநீர் குடித்துத் தள்ளிப்போடுவதுதான் கவலை தருகிறது. வாடையோடு காய்ச்சல், அடிவயிற்று வலி, அரிப்பு, எரிச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வெஜைனோசிஸ் குறைப்பிரசவ அபாயத்தைக் கூட்டும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கலந்து நாற்றமடித்தால், கருப்பைவாய்ப் புற்றுநோய் இல்லை என்பதை உடனே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் சிகிச்சை இலவசம். போவதற்கு முந்தைய நாள் உள்ளே கழுவவோ, கடையில் வாங்கிய மருந்தை வைக்கவோ வேண்டாம். சோதனை முடிவு தவறாகிவிடும்.