பலாவின் மழைக்காட்டு உறவு

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகியவற்றோடு தல விருட்சத்தையும் வணங்குவது நம் மரபு. திருக்குற்றாலத்தின் தல விருட்சம் குறும்பலா என்பதை அன்பர்கள் அறிவர். பலாவின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள். அதன் நெருங்கிய உறவொன்று மலாயாவின் மழைக்காடுகளில் பிறந்தது. மலாய் மக்கள் அதைச் செம்படாக் என்பர்.

நான் வசிக்கும் தஞ்சோங் பகாரில் மாடிக் கட்டடங்களே மிகுதி. இம்மரத்தைக் காண்பது அரிது. பழைய கம்பங்கள் இருந்த இடங்களில்தான் இன்னும் சில நிற்கின்றன. ஆயினும் மாவில் தோய்த்துப் பொரித்த அதன் சுளையைச் சிங்கப்பூர் உணவங்காடிகளில் பலரும் பலா என்றெண்ணியே உண்கிறோம்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. செம்படாக் பழம் ஏறத்தாழ ஓரடி நீளமே இருக்கும். மணம் கடுமையானது, சுளை குழைந்து இனிக்கும். தோலைக் கீறிக் காம்பைப் பிடித்து இழுத்தால் சுளைகள் யாவும் கொத்தாக வெளிவந்துவிடும். இளங்கிளைகளில் பழுப்பு நிற மயிர் அடர்ந்திருக்கும். பால் ஒட்டாதிருக்கக் கத்தியில் எண்ணெய் தடவுவதும், கொட்டையை அவித்து உண்பதும் இரண்டிற்கும் பொது.

இது காய்க்கும் விதம் வியப்பானது. ஆண் பூங்கதிரில் படரும் பூஞ்சணத்தை நாடிச் சிற்றீக்கள் வருகின்றன. அவையே மகரந்தத்தைப் பெண் பூங்கதிருக்குக் கொண்டு சேர்ப்பதைச் சரவாக் காட்டில் ஆராய்ந்தோர் கண்டறிந்துள்ளனர்.

அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று. நெல்லைக் காயவைத்துக் குதிரில் சேமித்து அடுத்த பருவத்தில் விதைக்கலாம். பலா, செம்படாக் விதைகளோ காய்ந்தால் உயிரிழக்கும். பழத்திலிருந்து எடுத்தவுடன் கழுவி, ஈரம் உலருமுன் மண்ணில் இட வேண்டும். ஆகவே இவ்வினத்தை விதையாகப் பூட்டிவைத்துக் காக்க இயலாது. நிற்கும் மரமே அதன் களஞ்சியம்.

சிங்கப்பூரின் காடுகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிலேயே கேம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டது. 1883இல் புக்கித் தீமா காடு ஒதுக்கி வைக்கப்பட்டதால்தான் பழைய மழைக்காட்டின் ஒரு சிறு பகுதியேனும் இன்று எஞ்சியுள்ளது.

நம் முன்னோர் விளக்குக்கும் அன்னதானத்துக்கும் மட்டுமன்றி, நந்தவனத்துக்கும் நிலம் எழுதி வைத்தனர். எரிந்த நெய்யை மறுநாள் மீண்டும் ஊற்றலாம். வெட்டிய மரத்தை அவ்வாறு மீட்க முடியாது. நட்டவர் உண்ணாவிடினும் பின்வருவோர் உண்பர். ஆகவே ஆலய வளாகத்திலோ குடியிருப்பின் பொதுத் தோட்டத்திலோ உரிய அனுமதியுடன் ஒரு கன்றை நட்டு வளர்ப்பதும், நிற்கும் மரத்தைக் காப்பதும் அறக்கட்டளையே ஆகும்.