சி-பேப் மாஸ்க்: எதை வாங்குவது, எப்போது மாற்றுவது?

'மெஷின் ஒத்துவரலை' என்று சொல்லி சி-பேப் கருவியைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறவர்கள் பலர். என்ன தொந்தரவு என்று கேட்டால், கண்ணில் காற்று அடிக்கிறது, மூக்குத்தண்டு புண்ணாகிவிட்டது, நடுராத்திரியில் கழன்று விழுகிறது என்பார்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க். அதைச் சரிபார்க்காமல் பல்லாயிரம் ரூபாய்ச் சிகிச்சையைக் கைவிடுவது வேதனையான விஷயம்.

ஸ்லீப் அப்னியா உள்ளவருக்குத் தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடிக்கும். மணிக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் என்றால் நோய் கடுமை. சி-பேப் கருவி 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தத்தில் காற்றை இடைவிடாமல் செலுத்தி அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்தால் தொண்டையில் அழுத்தம் நிற்காது, குறட்டை திரும்பிவிடும்.

ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் 1980இல் சிட்னியில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோதே மாஸ்க் பெரும் சவாலாக இருந்தது. அன்று நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். அதைத் தவிர்க்க, நோயாளியின் மூக்கை அச்செடுத்து ஃபைபர்கிளாஸில் மாஸ்க் செய்து, இரவுதோறும் சிலிகோன் பசையால் முகத்தில் ஒட்டினார்கள். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. இப்போது பசையின் வேலையை மெல்லிய சிலிகோன் குஷன் செய்கிறது.

கடையில் மூன்று வகை கிடைக்கும்: மூக்குத் துவாரத்தில் பொருந்தும் நேசல் பில்லோ, மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். வாயைத் திறந்து தூங்குகிறவர் என்றதும் ஃபுல் ஃபேஸை எடுத்து நீட்டுவது அவசரப்பட்ட முடிவு. அதன் விளிம்பு நீளம் என்பதால் கசிய இடம் அதிகம். பட்டையை இறுக்கினால் தாடை பின்னுக்குப் போய்த் தொண்டை இன்னும் குறுகக்கூடும். பலருக்குக் காற்றழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமியின் 2019 வழிகாட்டலும் பொதுவாக மூக்குவழி மாஸ்க்குக்கே முதலிடம் தருகிறது. மூக்கடைப்பால்தான் வாய் திறக்கிறது என்றால் முதலில் மூக்குக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அப்படியும் வாய் மூடாதவர்களுக்கு ஃபுல் ஃபேஸ் தேவைதான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி அளவு பார்த்தால் போதாது. படுத்ததும் முகச்சதை நகரும். கருவியை ஓடவிட்டு, மருத்துவர் சொன்ன அழுத்தத்தில், மல்லாந்தும் இருபக்கம் ஒருக்களித்தும் பார்க்க வேண்டும். பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறவர் கழற்றியே அளவு கொடுக்க வேண்டும். மீசை அடர்ந்தவருக்கு நேசல் பில்லோ பெரும்பாலும் தோதுப்படும். மூக்குத்தியின் மேல் குஷன் விளிம்பு உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே காற்று பீறிடும்.

குஷனைத் திருப்பிப் பார்த்தால் பல மாஸ்க்குகளில் இரண்டு அடுக்கு தெரியும்: அடியில் தடித்த ஒன்று, அதன் மேல் வெங்காயச் சருகுபோல மெல்லிய மடல். காற்று தள்ளும்போது இந்த மடல் உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் கசிவு அடைபடுகிறது. பட்டையை இழுக்க இழுக்க மடல் நசுங்கும், கசிவு கூடும், தோல் புண்ணாகும். கருவி ஓடும்போதே மாஸ்க்கை லேசாகத் தூக்கி, மடல் உப்பியதும் மறுபடி உட்காரவிட்டால் பல கசிவுகள் நின்றுவிடும். மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் வழியாக 'உஸ்' என்று காற்று வருவது இயல்பு. வெளிவிட்ட கரியமில வாயு போகும் வழி அது. டேப் ஒட்டி அடைக்கவே கூடாது.

சில மாஸ்க்குகளில் பட்டையின் கொக்கிகள் காந்தத்தால் ஆனவை. பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த டிஃபிப்ரிலேட்டர், மூளை ரத்தக்குழாயில் கிளிப் உள்ளவர்களுக்கு அவை ஆபத்து என்று, ஃபிலிப்ஸ் மாஸ்க்குகள் சிலவற்றைக் குறித்து அமெரிக்க எஃப்.டி.ஏ. 2022 செப்டம்பரில் எச்சரித்தது. பக்கத்தில் படுப்பவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் காந்தம் வேண்டாம்.

அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு ஃபுல் ஃபேஸ் குஷனுக்கு மாதம் ஒன்று, மாஸ்க்குக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று, தலைப்பட்டைக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று எனப் பணம் தருகிறது. அது காப்பீட்டின் உச்சவரம்பு. கைக்காசு போட்டு வாங்கும் குடும்பம் அதைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. கழுவிய பிறகும் குஷன் பிசுபிசுத்தாலோ, மஞ்சளேறி விறைத்தாலோ, மடலில் கீறல் தெரிந்தாலோ மாற்றிவிடலாம். முன்பு நின்ற இடத்தைவிடப் பட்டையை இறுக்க வேண்டியிருந்தால் குஷனோ பட்டையோ தளர்ந்துவிட்டது என்று பொருள். சிலிகோனுக்கு எண்ணெய் ஆகாது. தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிய முகத்தோடு மாஸ்க் போடாமல், தினமும் மிதமான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்தினால் கூடுதல் நாள் உழைக்கும். பிளீச், ஆல்கஹால் கூடாது. பல மாடல்களில் குஷனை மட்டும் தனியாக வாங்கலாம். மாடல் பெயரும் அளவும் கையில் இருக்க வேண்டும்.

வேறு வகைக்கு மாறும்போது கருவியின் செட்டிங்கிலும் மாஸ்க் வகையை மாற்ற வேண்டும். ரெஸ்மெட் கருவிகளில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் மாஸ்க்கைச் சரிசெய்யச் சொல்லும். ஒரு வாரப் பதிவை மருத்துவரிடம் காட்டினால், புது மாஸ்க்கில் மூச்சுத்தடை கூடியிருக்கிறதா, அழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.