டாக்டர் சீட்டு போதாது, மெடிஃப் படிவம் வேண்டும்

விமான நிலைய கவுன்டர்களில் அடிக்கடி நடப்பது இது. ஆபரேஷன் முடிந்த அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியோடு மகன் வந்து நிற்பார். “மெடிஃப் எங்கே சார்?” என்று கேட்பார் ஊழியர். “டாக்டரே போகலாம்னு எழுதிக் கொடுத்திருக்காரே!” வாக்குவாதம் முடிவதற்குள் விமானம் கிளம்பிவிடும்.

டாக்டர் சீட்டு ஏன் போதாது? ஜெட் விமானம் 35,000 அடிக்கு மேல் பறக்கும்போது உள்ளே தரைமட்டக் காற்றழுத்தம் இருப்பதில்லை. அப்படி வைத்தால் உள்ளழுத்தத்தைத் தாங்க விமானத்தின் கூட்டை இன்னும் கனமாகக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமான அளவு வரை குறையலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஊட்டியே சுமார் 7,350 அடிதான். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் இது 6,000 அடி. நம் உள்நாட்டுப் பயணங்களில் பெரும்பாலும் கிடைப்பவையோ 8,000 அடிக் கணக்கிலான ஏ320, போயிங் 737 ரகங்கள்.

ஆரோக்கியமானவருக்கு ரத்த ஆக்சிஜன் சற்றுக் குறையும், அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, கடும் ரத்தசோகை உள்ளவருக்கு அதுவே ஆபத்து. உடலுக்குள் அடைபட்ட காற்றும் ஏறக்குறைய 30 சதவீதம் விரியும். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தால் விமானம் ஏறவே கூடாது, பார்வையே போகலாம். குமிழி முழுக்கக் கரைந்துவிட்டது என்று கண் டாக்டர் சொன்ன பிறகே டிக்கெட். மாவுக்கட்டுப் போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை என்றால், டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடியை நம்பாதீர்கள். கேபின் அழுத்தம் போய்விட்டால் விமானி 10,000 அடிக்கு இறக்கும் வரைக்கான ஏற்பாடு அது, பொதுவாக 12 முதல் 15 நிமிடம்தான் வரும். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரையும் அனுமதியின்றிக் கொண்டுபோக முடியாது.

மெடிஃப் என்பது விமான நிறுவனத்தின் மருத்துவத் தகவல் படிவம், அவர்களின் இணையதளத்திலேயே கிடைக்கும். முதல் பகுதி பயணி நிரப்புவது, இரண்டாம் பகுதி சிகிச்சை தரும் டாக்டர் நிரப்புவது. நோயின் பெயர், ஆபரேஷன் தேதி, ஹீமோகுளோபின், வெறும் காற்றைச் சுவாசிக்கும்போது ரத்த ஆக்சிஜன் அளவு, வழியில் ஆக்சிஜனோ துணைக்கு ஆளோ வேண்டுமா என்பதெல்லாம் அதில் வரும். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண், தொலைபேசி எண் நான்கும் இருக்கின்றனவா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பயணத்துக்கு 48 முதல் 72 மணி நேரம் முன்பே கேட்கின்றன. அனுப்பினால் மட்டும் போதாது. ஒப்புதல் பதில் வர வேண்டும், அதைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். நடுவில் வேறு நிறுவன விமானத்துக்கு மாறினால் அங்கேயும் தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஊழியர்கள் செய்யும் தவறும் உண்டு. நடக்க முடியாதது நோயல்ல. சக்கர நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் மெடிஃப் கேட்பது அடாவடி. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்த நிறுவனத்துக்கு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் விதியையும் திருத்தியது. மாற்றுத்திறன் காரணமாக யாரையும் மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் கருதினால், டாக்டர் நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும். இவ்வளவு தெளிவான விதி இருந்தும் கவுன்டரில் வாய்வார்த்தையிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். “எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள், டியூட்டி மேனேஜரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புகாரை முதலில் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள். தீராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வழிகாட்டுதலுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் எழுத்தில் வாங்கிய மறுப்பு கையில் இல்லாவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும்.