வட மாகாணத்தின் பறவை: புலுனி

நெடுங்கேணிப் பகுதியிலே விடியற்காலையில் தோட்டத்துக்குச் செல்லும் கமக்காரரின் கண்ணில் முதலிற் படுவது பெரும்பாலும் புலுனிக் கூட்டமே. வேலியோரச் சருகுகளைப் புரட்டிக்கொண்டும், ஓயாது கீச்சிட்டுக்கொண்டும், ஒன்றன்பின் ஒன்றாகத் தத்திச் செல்லும் இப்பறவையை அறியாதவர் இல்லை. ஆயினும், அதனை நின்று உற்று நோக்கியவர் சிலரே.

வட மாகாணத்தின் சின்னங்களுள் மரம் மருது, விலங்கு ஆண் மான், பறவை புலுனி. வன்னியில் வண்ணப் பறவைகளுக்குக் குறைவில்லை. மயில் உண்டு, பொன்னிற மாங்குயில் உண்டு, மாரி தொடங்கும் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து, வைகறையிலும் மாலையிலும் குரல் கொடுக்கும் பன்னிற ஆறுமணிக் குருவியும் உண்டு. இவற்றினிடையே மங்கிய நிறமுடைய புலுனி மாகாணப் பறவையாக விளங்குவது எவ்வளவு பொருத்தமானது என்பதை அதன் வாழ்க்கையே காட்டும்.

உருவம்

புலுனி ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் நீளமுள்ளது. உடல் சாம்பல் கலந்த மண்ணிறம். அலகும் கால்களும் மஞ்சள். கண்கள் நீலம் பாய்ந்த வெண்மை. சிறகுகள் குறுகி வட்டமானவையாதலால் நெடுந்தூரம் பறக்க மாட்டாது. இவ்வினம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி வேறெங்கும் இல்லை. தமிழ்நாட்டார் இதனைத் தவிட்டுக்குருவி என்பர்.

கூட்டு வாழ்க்கை

ஏழு முதல் பத்துப் பறவைகள் வரை ஒரு கூட்டமாக வாழும். மற்றவை இரை தேடும்போது ஒன்று உயர்ந்த கிளையில் அமர்ந்து காவல் புரியும். பருந்தோ பூனையோ தோன்றினால் அது குரலெழுப்ப, எல்லாம் புதருக்குள் மறையும். அடர்ந்த இலைகளுக்குள் கூடு கட்டி, நீல நிற முட்டைகளை இடும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் மட்டுமன்றிக் கூட்டத்திலுள்ள ஏனையவையும் இரை ஊட்டும். சுடலைக்குயில் இதன் கூட்டிலே தன் முட்டையை இட்டுச் செல்வதும் உண்டு. அக்குஞ்சையும் புலுனிகள் தம் குஞ்செனவே வளர்க்கும்.

கமத்திற்கு உதவி

பூச்சிகளும் புழுக்களுமே இதன் முதன்மையான உணவு. வெட்டுக்கிளி, வண்டு, கறையான் முதலியவற்றை நிலத்திலும் செடியிலும் தேடி உண்ணும். சில வேளை பழங்களையும் கொத்தும். எனினும் அதனால் வரும் நட்டம் சிறிது. கத்தரிக்காயைத் துளைத்து உள்ளே இருக்கும் புழுவை இது எட்ட மாட்டாது. நீர் நிற்கும் வயலுள்ளும் இறங்காது. ஆகவே, புலுனி இருந்தால் பீடை முற்றாக ஒழியுமென்று எண்ணலாகாது. ஆனால் வரம்பிலும், வேலியிலும், மரக்கறிப் பாத்தியிலும் இது நாள்தோறும் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை.

இத்துணை உதவி செய்யும் பறவைக்குக் கமத்திலேயே இரு கேடுகள் உள. ஒன்று, உயிர்வேலி நின்ற இடத்தில் முட்கம்பி மட்டும் நிற்பது. கூடு கட்ட அங்கு இலை இல்லை. மற்றது, அளவின்றித் தெளிக்கப்படும் பீடைநாசினி. நஞ்சுண்ட புழுவையே பறவை தன் குஞ்சுக்கும் ஊட்டுகிறது.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. முட்கம்பி வேலி இட்டாலும், அதனோரம் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை நடுதல் வேண்டும். சீமைக்கிளுவைக் குழை நல்ல பசளையுமாகும்.

2. பூச்சியைக் கண்டவுடன் மருந்து தெளித்தல் கூடாது. செடிகளைப் பார்வையிட்டு, சேதத்தின் அளவை அறிந்து, விவசாயப் போதனாசிரியரைக் கலந்த பின்னரே தெளித்தல் வேண்டும்.

3. குருணை மருந்தையும் மருந்திட்ட விதையையும் பறவைகள் உண்ணக்கூடும். அவற்றை நிலத்தின் மேல் சிந்த விடலாகாது.

4. தெளிகருவியைக் கழுவிய நீரை வாய்க்காலிலோ குட்டையிலோ ஊற்றலாகாது. புலுனிகள் கூட்டமாக நீராடுவது அங்கேதான்.

5. வேலியோரச் சருகை எரிக்காது, செடியின் அடியில் மூடாக்காக இடுதல் நன்று. மண்ணின் ஈரம் காக்கப்படும். புலுனிக்கு இரையும் கிடைக்கும்.

அடுத்த முறை மருந்துப் போத்தலைத் திறக்குமுன், கமக்காரர் ஒரு நாட் காலை அரை மணி நேரம் வேலியருகே அமைதியாக நின்று, புலுனிகள் எத்தனை புழுக்களைப் பொறுக்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பாராக.