குவாரித் தூசியும் மஞ்சள் விளக்கும்

பழைய சீவரத்திலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித் திருமுக்கூடல் பக்கம் வந்தால், ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் கிளப்பும் தூசி காரைச் சூழ்ந்துகொள்ளும். அரும்புலியூர், மதூர் வட்டாரத்துக் கல்குவாரிகள், கிரஷர்களின் வெள்ளைத் தூள் அது. கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால்தான் வம்பு. ஒருநாள் மீட்டர் பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும்.

"ஸ்கேனர் போட்டு லைட்டை அணைச்சுக் கொடுங்கண்ணே." ஷெட்டுக்கு வருபவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். மெக்கானிக்கும் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடை, அழித்துத் தருகிறார். சில நாளில் விளக்கு திரும்பவும் எரிகிறது. அடுத்து, கோடு எந்த சென்சாரின் பெயரைச் சொல்கிறதோ அதையே மாற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவாகியும் விளக்கு அணையவில்லை.

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு, வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து பதிவு செய்யும் ஓபிடி-2 முறை கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோடு தெரியும். உதாரணத்துக்கு பி0171. காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்பது இதன் பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று இது சொல்லவில்லை. அந்த சென்சார் ஒழுங்காக வேலை செய்ததால்தான் பெரும்பாலும் சேதியே நமக்கு வந்திருக்கிறது!

அப்படியானால் கோளாறு எங்கே? ஏர் ஃபில்டர் சரியாக உட்காராத வண்டியில், காற்றை அளக்கும் சென்சாரின் சூடான கம்பியில் தூசி படிந்திருக்கலாம். அப்போது அது காற்றைக் குறைத்துக் கணக்குச் சொல்லும். கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். ஹோஸ் வெடித்து, அளவில் வராத காற்று உள்ளே நுழையலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். எந்தப் பக்கம் தேடுவது என்று அறிய ஒரு பாகத்தையும் கழற்ற வேண்டாம். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணை ஸ்கேனரில் பார்த்தால் போதும். வண்டி ஐடிலில் நிற்கும்போது அது 10 சதவீதத்துக்கு மேல் நின்று, ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் இறங்கினால் ஹோஸைத் தேடுங்கள். ஐடிலில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற எண்ணும் கூடினால் சென்சார் அழுக்கையும் பம்பையும் சந்தேகப்படலாம். அழுக்குதான் என்றால், அதற்கென்றே விற்கும் ஸ்பிரே போதும். புது சென்சார் வேண்டாம். சில கார்களில் காற்றின் அளவுக்குப் பதில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அங்கே கணக்கு வேறு.

கண்டறிவதே தனி வேலை என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலின் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் இங்கே 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலசாலை என்ற மருத்துவமனையைப் பற்றியது அது. வைத்தியம் பார்ப்பவருக்குத் தனியாகவும், சல்லியக்கிரியை (அறுவைச் சிகிச்சை) செய்பவருக்குத் தனியாகவும் அதில் படி ஒதுக்கியிருக்கிறார்கள். நோயைக் கண்டறிவதும் கூலிக்குரிய வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று நாமோ, அரைமணி நேரம் ஸ்கேனரில் ஓடும் லைவ் டேட்டாவை உற்றுப் பார்த்த மெக்கானிக்குக் காசு தரத் தயங்குகிறோம், "ஒண்ணுமே மாத்தலையே!" என்கிறோம். பாகத்தை மாற்றினால்தான் பணம் என்றால், அவர் எதையாவது மாற்றத்தான் செய்வார். கண்டுபிடிக்கும் வேலைக்கு எவ்வளவு என்று வண்டியை விடும்போதே பேசிக்கொள்வது நல்லது. அந்தப் பணம் ஒருபோதும் வீணல்ல என்பது என் உறுதியான கருத்து.

கோடை அழிக்கும் முன் ஸ்கேனர் திரையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நேரத்தில் வண்டியின் வேகம், இன்ஜின் சூடு, லோடு எல்லாம் அதில் ஃப்ரீஸ் ஃபிரேமாக இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

விளக்கு நின்று எரிந்தால் ஷெட் வரை மெல்ல ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். இன்ஜின் மிஸ் அடிக்கிறது, பி0300 வரிசைக் கோடு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பிளக்கோ காயிலோ மாற்றினால் தீரக்கூடிய கோளாறு, சில கிலோமீட்டருக்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய கன்வெர்ட்டரையே உருக்கிவிடக்கூடும்.